மடையை மாத்துங்க

அப்பாவும் பெரியப்பாவும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மோட்டாரை மட்டும் பிரிக்க முடியவில்லை. இலவச மின்சாரத்தில் ஓடும் பொது இணைப்பு அது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டால், புதிதாகப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை மும்முனை மின்சாரம் வரும். ஆளுக்கு ஒரு மணி நேரம் முறை. அப்பாவின் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும், பெரியப்பாவுடையது ஐந்து நிமிடம் பின்னால். இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சண்டைக்கு அது போதும். ஆளுக்கொரு கழகம் வேறு.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். பெரியப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை தகராறு வந்தா கனெக்‌ஷனே வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடும்மா." அப்பா பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

எனக்குப் பயமாகிவிட்டது. அப்போது கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி கையில் இருந்தது, தலையில் கனம் இருந்தது. மணிக்கொரு முறை தானாக ஓடும் நிரல் ஒன்றை எழுதினேன். ஓடும்போதெல்லாம், "முறை மாறுது, மடையை மாத்துங்க!" என்று நான் பதிவு செய்து வைத்த அம்மாவின் குரல் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் ஒலிக்கும். குரல் கேட்டதும் மறுபேச்சில்லாமல் மடையை மாற்ற வேண்டும் என்று இருவரிடமும் அம்மா வாக்கு வாங்கினாள். யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று கணினியைக் கோயில் அறையில் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ஓடவிட்டுவிட்டு, பரீட்சை எழுதத் தஞ்சாவூர் பஸ் ஏறினேன்.

நான் செய்த தப்பு இதுதான். 'மணிக்கொரு முறை செய்' என்று கணினியிடம் ஒருதரம் சொன்னால் போதும், அது செய்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் ஒருதரம் சொல்லி எது நடந்திருக்கிறது? அந்தப் பழக்கத்தில், குரல் ஒலித்து முடிந்ததும் 'இனியும் மணிக்கொரு முறை செய்' என்று உள்ளேயே இன்னொரு வரி சேர்த்திருந்தேன். ஒவ்வொரு கத்தலும் ஒரு புதுக் கத்தலைப் பெற்றுப் போட்டது.

ஏழு மணிக்கு அம்மா ஒருதரம் கத்தினாள். தண்ணீர் அப்பாவிடமிருந்து பெரியப்பாவுக்குப் போனது. எட்டு மணிக்கு இரண்டுதரம். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு ஒருதரம் மாற்றியிருப்பார்கள். இவர்கள் வாக்குக் கொடுத்தவர்கள். முதல் கத்தலுக்கு அப்பா தன் பக்கம் திருப்பினார், இரண்டாவதற்குப் பெரியப்பா பிடுங்கிக்கொண்டார். ஒன்பதுக்கு நாலு. பத்துக்கு எட்டு. மண்ணை வெட்டுவதும் அடைப்பதுமாக இரண்டு மண்வெட்டியும் பறந்தன. எல்லாம் இரட்டைப்படை என்பதால், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கடைசியில் பெரியப்பாவிடமே போய் நின்றது. எங்கள் நாற்றங்கால் காய்ந்தது. பெற்ற மகளே அப்பாவுக்கு வாய்க்காலை அடைத்துவிட்டேன்.

பதினொன்றுக்குப் பதினாறு. அதோடு மடை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. வெட்டி வெட்டி மண் கரைந்து, தண்ணீர் இரண்டு பக்கமும் தன்பாட்டுக்கு ஓடியது. இருவரும் வரப்பில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்களாம்.

பன்னிரண்டு மணிக்கு நான் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். ஊரே அதிர அம்மா முப்பத்திரண்டுதரம் கத்திக்கொண்டிருந்தாள். அறையைத் திறந்து நிறுத்தக்கூடத் தோன்றாமல், அழுதுகொண்டே வயலுக்கு ஓடினேன். அப்பா மண்வெட்டியை ஊன்றி எழப் பார்த்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருடா, கரண்டு போயிருச்சு."

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு அது. அப்பா உட்கார்ந்தார். பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "போயி அந்தச் சனியனை நிறுத்தும்மா. எங்களுக்கு வாய் இருக்கு."

மறுநாள் ஏழு மணிக்கு வாய்க்காலிலிருந்து, "அண்ணே, உங்க முறை" என்று அப்பாவின் குரல் கேட்டது. எட்டு மணிக்கு, "தம்பி, உன் முறை" என்று பெரியப்பா திருப்பிக் கூப்பிட்டார், ஐந்து நிமிடம் தாமதமாக. அன்று சாயங்காலம் அப்பா தன் கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டார்.