எடுத்துக் கொடுத்த வசனம்

இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியிருக்க மாட்டேனா?

எங்கள் குழு அந்த வருடம் ஒரு பிரெஞ்சு நாடகம் போட முடிவு செய்தது. ஒரே அங்கம், முக்கால் மணி நேரம். பைபிளில் வரும் யெப்தாவின் மகள் கதை. தகப்பன் கடவுளுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சாகிற பெண். எங்களில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. வசனத்தைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்போம். மறந்தால், பிரெஞ்சு தெரிந்த ஒரு பெரியவர் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார். அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, பிறகு நோட்டில் குறித்துக்கொள்வோம்.

மகள் வேடம் என் தங்கச்சிக்கு. எனக்கு? குடம் தூக்கும் தோழி. இரண்டே வசனம். நான் மேடையேறிப் பதினோரு வருடம். அவள் வந்து எட்டு மாதம். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் அவள் கண்ணாடி முன் வசனம் சொல்ல ஆரம்பித்தால், வேண்டுமென்றே மிக்ஸியைப் போடுவேன்.

அந்த வியாழக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் அரங்கில் இருந்தேன். மணி மதியம் 2.40. மேடை நடுவில் நின்று அவளுடைய வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

2.46. கரண்ட் போனது. ஜன்னலே இல்லாத அரங்கம். கும்மிருட்டு.

நான் நிறுத்தவில்லை. பாதியில் வசனம் மறந்தது...

பக்கத் திரையிலிருந்து ஒரு குரல் மெல்ல எடுத்துக் கொடுத்தது.

"பெரியவரே, சாப்பிடப் போகலையா?"

அதே வசனம், மறுபடியும்...

பெரியவர் பேசினால் மூச்சு வாங்கும். இந்தக் குரலில் மூச்சே இல்லை.

பழக்க தோஷம். திருப்பிச் சொன்னேன். அந்த நிமிடம் மனசில் இருந்தது ஒன்றுதான். அந்த வேடம் எனக்கு வேண்டும்.

"ம்..." என்றது குரல்.

2.51. கரண்ட் வந்தது. திரையை விலக்கினேன்.

யாரும் இல்லை.

ஆனாலும் அந்த வசனத்தை நோட்டில் எழுதினேன்.

கிரீச்... அரங்கத்தின் கதவு திறந்தது.

தங்கச்சி. சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"அக்கா! டைரக்டர்கிட்ட பேசிட்டேன். மகள் வேஷம் நீயே பண்ணு. இனிமே மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, என்ன?"

கட்டிக்கொண்டேன். அப்போதும் எனக்கு எரிச்சல்தான். பிச்சை போடுகிறாள் என்று தோன்றியது.

அன்று படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு வயது. டாக்டருக்குக் காரணம் தெரியவில்லை.

நாடகம் நின்றுபோனது. ஒரு மாதம் கழித்துப் பெரியவர் வீட்டுக்கு வந்தார். அன்று மதியம் அவர் எல்லோருடனும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நோட்டை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இது நாடகத்துல இல்லம்மா. யெப்தா கடவுளுக்கு வாக்குக் குடுக்கிறது திரை தூக்குறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். அத மேடையில யாரும் சொல்றதில்ல. இத உனக்கு யாரு எடுத்துக் குடுத்தா?"

"அர்த்தம் என்ன?"

கண்ணாடியைக் கழற்றினார்.

"'நான் கேட்டதக் குடு. இந்தக் கதவு வழியா முதல்ல வர்றவங்கள உனக்குத் தரேன்.'"