சாமிக்குப் போன பல்பு

ஒரு ஆடிக் காத்துல திராட்சப் பந்தலெல்லாம் குப்புற விழுந்துச்சே, கம்பத்துல பாதிப் பேரு தலையில துண்டப் போட்டு உக்காந்தாக, அதுக்குப் பெறகு வந்த ஐப்பசியில நடந்தது இது. என்ன வருசம்னு கேக்காத, நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனவன் இல்ல. பந்தல் விழவும் இங்கன கூலி வேல இல்லாமப் போச்சு. அதனாலதான் என் பொண்டாட்டி மெட்டுக்கு மேல, மலையில இருக்குற ஏலத்தோட்டத்துக்குப் போனா. கொத்துல பழுத்த காயாப் பாத்துப் பறிக்கிறதுல அவளுக்கு இணை கெடையாது, அது வேற கத.

போறது எங்க ஜீப்புலதான். நானும் அவ தம்பியும், அதான் என் மச்சினன், கூட்டா வாங்குன பழைய வண்டி. ஒரு வாரம் நான் ஓட்டுனா ஒரு வாரம் அவன். விடியவும் பொம்பளையாளுகள அடைச்சு ஏத்திக்கிட்டு கம்பம் மெட்டு ஏறணும்.

அந்த வண்டியில ஸ்டேரிங்குக்கு முன்னால, முருகன் படத்துக்குப் பக்கத்துல, செவப்பா ஒரு சின்ன லைட்டு. சாவியத் திருப்புனா எரியும், இஞ்சின் ஓட ஆரம்பிச்சா அணைஞ்சிரணும். அணையலைன்னா உள்ள ஆயில் ஏறலைன்னு அர்த்தம். நான் லாரியில கிளீனரா ஏறி டிரைவரானவன், அடி வாங்கித்தான் இதெல்லாம் படிச்சேன்.

ஒருநா அந்த லைட்டு அணையவே இல்ல. அவன் வாரம் அது.

"லைட்டுதான மச்சான், எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. வண்டி நல்லாத்தான் ஓடுது"ன்னான்.

அன்னிக்குச் சாயங்காலம் வண்டிய எங்க வீட்டு முன்னால நிறுத்தி ஆயில் குச்சிய உருவிப் பாத்தேன். அளவு இருந்துச்சு. அடுத்து அந்த லைட்டுக்கு வயரு போற சுச்ச இஞ்சின்லருந்து கழட்டிட்டு, முன்னால ஹேண்டிலப் போட்டு அவன இஞ்சினச் சுத்தச் சொன்னேன். அந்த ஓட்ட வழியா ஆயில் பீச்சி அடிச்சா சுச்சுதான் கெட்டது. பீச்சல. சளி ஒழுகுற மாதிரி ஒழுகுச்சு. அப்ப கோளாறு உள்ளதான்.

"மாப்ள, அடியில ஆயில் சட்டியக் கழட்டிப் பாக்கணும். காலையில உத்தமபாளையம் போயி சட்டிய ஒழுகாம மூட புது பேக்கிங் வாங்கியாரேன். வண்டிய அசைக்காத. ஒங்கக்கா போற வண்டி"ன்னேன். சுச்ச மாட்டி வயரக் குடுத்தேன். சரி சரின்னு மண்டைய ஆட்டுனான். இப்ப நெனச்சாலும் அந்த மண்டையில நாலு போடணும்போல இருக்கு.

நான் பேக்கிங்கோட பஸ்ச விட்டு எறங்குறேன், "ஏலே, ஒன் வண்டி மெட்டுல பின்னால உருண்டிருச்சாம்ல!"ன்னு டீக்கடைக்காரன் கத்துறான்.

எடுத்துட்டுப் போயிட்டான், நாயி. மூணாவது வளைவுல இஞ்சின் இறுகி நின்னுபோச்சு. பாரத்தோட வண்டி பின்னால போகவும் பொம்பளைக குதிச்சிருக்காக. கடேசியாக் குதிச்சவ என் பொண்டாட்டி. ரோட்டோரச் செவுத்துக்கும் வண்டிக்கும் நடுவுல அவ கால். மேல டீக்கட வச்சிருந்த மலையாளத்துச் சேட்டன் ஒருத்தருதான் பலகையில படுக்கவச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தாரு. நல்ல மனுசன். அவரு கடையில டீ மட்டும் வாயில வைக்க முடியாது.

ஆஸ்பத்திரி வாசல்ல சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரு முன்னாலயும் இவன் சொல்றான்: "நான் என்ன செய்ய மச்சான்? செவப்பு லைட்டு எரியவே இல்ல. எரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

எனக்கே ஒரு நிமிசம் கொழப்பமாப் போச்சு. வண்டிய இழுத்தாந்ததும் சாவியத் திருப்புனேன். செவப்பு லைட்டு எரியலதான். ஆனா பக்கத்துல முருகன் படம் சும்மா தகதகன்னு எரியுது! அந்தப் படத்து பல்பு பியூஸ் போயி ரொம்ப நாளாச்சு. செவப்புக் கண்ணாடிக்குப் பின்னால கைய விட்டா வெறும் ஓட்ட. செவப்பு எரிஞ்சா பொம்பளைக பயப்படுவாகன்னு அந்தப் பல்ப உருவி சாமிக்குப் போட்டுருக்கான்! அவுகளும் கும்பிட்டுக்கிட்டே ஏறியிருக்காக.

ஆயில் சட்டியக் கழட்டுனேன். எல்லாரையும் வரச்சொல்லி, அவனையும் நிக்க வச்சுத்தான் கழட்டுனேன். ஆயில் உறிஞ்சுற வலை பூரா பஞ்சு. இலவம் பஞ்சு, கருப்பா, திரிதிரியா. போன மாசம் இவன் பழைய ஆயில மாத்தறேன்னு சட்டியக் கழட்டுனவன், தொடைக்கத் துணி எடுக்காம போடியிலருந்து கொண்டாந்த தலகாணிப் பஞ்சால தொடச்சிருக்கான்.

"ஏன்டா பஞ்ச எடுத்த?"ன்னேன்.

"மெத்துன்னு இருந்துச்சு மச்சான்"ங்குறான்.

மெத்துன்னு இருந்துச்சாம்! ஸ்பேனர எடுத்து எறிஞ்சேன். படல. அன்னிக்கு விட்டதுதான் பேச்சு. அவ கால் கோணலாத்தான் கூடுச்சு, தோட்டம் ஏற முடியல. அவளே அவன மன்னிச்சுட்டா. நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன்.

இப்ப எதுக்கு இதச் சொல்றேன்னா, அவன் மகன் கார் வச்சிருக்கான்ல, அதுல இஞ்சின் படம் போட்டு மஞ்சளா ஒரு லைட்டு மாசக்கணக்கா எரியுதாம். கண்ணு கூசுதுன்னு அது மேல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வச்சிருக்கானாம். நேத்து அந்தக் கார்லதான் என் பொண்டாட்டி ஆண்டிபட்டி கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து சிரிச்சுக்கிட்டே சொல்றா.

நான் அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன். நீ அந்த வழியாத்தான போற, அந்த மகன்கிட்டச் சொல்லிரு. பொட்டப் பிச்சுட்டு, என்ன கோளாறுன்னு பாக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, கேக்க மாட்டான். அவுக அத்தை சொன்னாகன்னு சொல்லு.