நூற்று நாற்பத்து நான்காம் குச்சி

எங்கள் வயலில் அந்த ஆண்டு ஒரு மூலை அசிங்கமாக இருந்தது. வேண்டுமென்றே அப்படி நடப்பட்டிருந்தது.

எங்கள் பாரிவாக்கத்தில் குத்துக்கு, அதாவது ஓரிடத்துக்கு, மூன்று நாற்று வைப்பார்கள். நான்கு வைத்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த மூலையில் மட்டும் குத்துக்கு ஒரே ஒரு நாற்று, அதுவும் முழத்துக்கு ஒன்றாக நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மூங்கில் குச்சி, குச்சியில் கறுப்பு பெயிண்டில் எண். ஒன்றிலிருந்து இருநூறு வரை. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "இன்னாமே, நாத்துக்குப் பஞ்சமா?" என்று ஒருத்தி என் அம்மாவைக் கேட்டாள். இன்னொருத்தி, குச்சி நன்றாக வளர்ந்திருக்கிறதே, அறுப்பு எப்போது என்று விசாரித்தாள்.

அந்த மூலையை நட்டது என் அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள். நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நெல்லைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நிலையத்தில் அவளுக்கு ஒதுக்கிய பாத்தியில் அந்தப் பருவம் தண்ணீர் இல்லை. அவளுக்குக் கொடுத்திருந்த காலத்தில் ஒரே ஒரு பருவம்தான் மிச்சம். எங்கள் நிலத்துக்கும் அப்படித்தான். தை அறுப்பு முடிந்ததும் விற்று வீட்டுமனைக் கல் நடுவதற்கு அப்பா பேசி முடித்திருந்தார். அந்த இருநூறு செடிகளை இன்னொரு முறை நட அத்தைக்கு நேரமும் கிடையாது, இடமும் கிடையாது.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். தினமும் ஆவடியில் ரயிலேறிப் போய் வருவார். அவருக்குப் புரியும்படி அத்தை சொன்னது இதுதான். குலைநோய் அண்டாத பழைய மோட்டா நெல் ஒன்று, நோய் வந்ததும் விழுந்துவிடும் சன்ன நெல் ஒன்று. இரண்டையும் சேர்த்ததில் கிடைத்த பேரப்பிள்ளைகள்தான் இந்த இருநூறும். நோயைத் தாங்கும் குணம் செடிக்குள் ஏதோ ஒரு வீட்டில் குடியிருக்கிறது. வீடு எங்கே என்று தெரியாது, ஆனால் வழியிலுள்ள ஸ்டேஷன்கள் தெரியும். அந்த ஸ்டேஷன்களுக்குத்தான் மார்க்கர் என்று பெயர். எந்தப் பேரப்பிள்ளைக்கு எந்த ஸ்டேஷன் அந்த இரண்டு நெல்லில் எதன் வழியாக வந்தது, அவற்றில் எது நோயைத் தாங்கியது என்று இருநூறையும் ஒப்பிட்டுப் பார்த்தால், வீடு பட்டாபிராம் பக்கமா ஆவடி பக்கமா என்று சொல்லிவிடலாம்.

"ஊட்டக் கண்டுபுட்ச்சா நோய் பூடுமா?" என்றார் அப்பா.

"நோய் போவாது அண்ணாத்தே. ஆனா எந்த நாத்து தாங்கும், எது தாங்காதுன்னு எலைய வெச்சே சொல்லிடலாம். நோய் வர்ற வரைக்கும் பாத்துகினு இருக்கத் தேவல."

பொருத்தின பிறகு உடைந்து போகிறதா என்று பார்க்காமல், பொருத்துவதற்கு முன்பே பீஸை அளந்து பார்ப்பது போல என்று அப்பா முடித்துக்கொண்டார். அதன் பிறகு அந்த மூலையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டது அம்மாதான். அம்மா அந்த நிலத்தில் பதினைந்து வருடம் நாற்று நட்டவள். பூந்தமல்லி ரோட்டிலிருந்து பார்த்தாலே அவள் நட்ட வரிசை தெரியும் என்று ஊரில் பேர். அப்படிப்பட்டவளின் வயலில் இப்படி ஒரு மூலை.

நட்ட ஒரு வாரத்தில் அத்தை வெளியூருக்குப் பத்து நாள் பயிற்சிக்குப் போனாள். போகும்போது அம்மாவிடம், ஏதாவது நாற்று செத்துப்போனால் அப்படியே விட்டுவிடுங்கள் அண்ணி, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னாள். எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான். விருந்தாளி சோறு வேண்டாம் என்பார், நாம் இலை போடுவோம். சிரமப்படாதீர்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறாள் என்றே அம்மா எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாளே நண்டு வெட்டத் தொடங்கியது. மூன்று நாற்று உள்ள குத்தில் நண்டு ஒன்றை வெட்டினால் இரண்டு மிஞ்சும். ஒற்றை நாற்றில் குச்சிதான் மிஞ்சியது. மொத்தம் பன்னிரண்டு இடம் காலியானது.

"பல்லு உழுந்த வாய் மாரி கீது. பாக்கறவன் அவளையா கேப்பான்? என்னத்தான் கேப்பான்," என்றாள் அம்மா.

அத்தை திரும்புவதற்கு முதல் நாள், எங்கள் சொந்த நாற்றங்காலில் மீந்து கிடந்த நாற்றை எடுத்துக்கொண்டு அம்மா இறங்கினாள். எனக்கு அப்போது பத்து வயது. எங்கே காலி என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பதினொரு இடம் முடிந்ததும் நாற்று தீர்ந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது என்று நான் சொல்வதற்குள் வரப்பில் யாரோ கூப்பிட, அம்மா போய்விட்டாள். அது நூற்று நாற்பத்து நான்காம் குச்சி. பக்கத்தில் நூற்று நாற்பத்து மூன்று அதற்குள் மூன்று தூராகக் கிளைத்திருந்தது. நாற்று போதாவிட்டால் பக்கத்துக் குத்தில் ஒரு தூரை வேரோடு பிரித்து வைப்பார்கள். நானும் அப்படியே பிரித்து வைத்தேன். அது பிழைத்துக்கொண்டது. என் கைராசி பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

திரும்பி வந்த அத்தை வரப்பில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றுகூடச் சாகவில்லையா என்று ஆச்சரியப்பட்டாள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் அம்மா. அதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு இலை எடுக்கும் வேலை. பூந்தமல்லி மீன் மார்க்கெட்டிலிருந்து அப்பா விடிகாலையில் சைக்கிளில் ஐஸ் வாங்கி வருவார். ஒவ்வொரு செடியிலும் இளம் இலை ஒன்றைக் கிள்ளி, எண் எழுதிய கவரில் போட்டு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் வைத்து அத்தை பஸ் ஏறுவாள். கண்டக்டர் முதல் நாளே மீன் கூடையைப் பின்னால் வைக்கச் சொன்னார். மீன் இல்லை, நெல் இலை என்று அத்தை மூடியைத் திறந்து காட்டினாள். "எலைக்கா ஐஸு? அது இன்னா, குழம்புக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் டிக்கெட் கிழித்தார்.

கார்த்திகையில் ஒரு நாள், அத்தை நடுப்பகலில் வீட்டுக்கு வந்தாள். அவள் ஒருபோதும் வராத நேரம் அது. கையில், அந்த இலைகளைச் சோதித்து எடுத்த கறுப்புப் புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கோடுகள் ஏணிப்படி போல இருந்தன. நேராக வயலுக்குப் போய், படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு குச்சியாக நின்றாள். பதினொரு குச்சி. அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம்.

முதலில் சேர்த்த இரண்டில் தாய் நெல்லுக்கு ஒரு உயரத்தில் கோடு விழும், தகப்பன் நெல்லுக்கு வேறு உயரத்தில். பேரப்பிள்ளைக்கு அதுவோ இதுவோ இரண்டுமோ வரலாம். மூன்றாவதாக ஒன்று வரவே முடியாது. அந்தப் பதினொன்றில் வந்திருந்தது.

"இதுங்க நம்ம பசங்க இல்ல அண்ணி," என்றாள் அத்தை.

அம்மா தயங்கவே இல்லை. காலியாக இருந்தது, அதனால் நம் நாற்றை வைத்தேன் என்றாள். பதிலுக்கு நன்றியை எதிர்பார்த்த முகம் அது. அத்தை வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை, அழவில்லை. எத்தனை என்று மட்டும் கேட்டாள். பதினொன்று என்றாள் அம்மா. படத்திலும் பதினொன்று. அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"அவ்ளோதானா பாப்பா?"

அம்மாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தான் செய்தது உதவி இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைக்கத் தொடங்கியிருந்தது. வரிசை பிடித்து நடுவதில் யாரிடமும் ஒரு சொல் கேட்டிராதவள். அடுத்தது என் முறை என்று நினைத்தேன்.

"ஆமா அத்தே," என்றேன்.

அன்று மாலை அத்தை சொன்னதிலிருந்து விஷயம் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. பதினொன்றைத் தள்ளிவிட்டால் முடிந்துபோகும் காரியம் இல்லை இது. பதினொன்றில் எண்ணுக்கும் செடிக்கும் சம்பந்தம் இல்லையென்றால் மற்றவற்றில் மட்டும் இருக்கிறது என்று யார் சொல்வது என்று அவளுடைய பேராசிரியர் கேட்டிருந்தார். மிச்சத்தை நிரூபி, இல்லையேல் எல்லாவற்றையும் விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். அப்பா கையைப் பிசைந்தார். தை அறுப்பானதும் கல் நட வருவார்கள், தன்னால் நிறுத்த முடியாது என்றார்.

"தை வரைக்கும் கீது இல்ல? அது போதும்," என்றாள் அத்தை.

மறுநாளே மறுபடி ஆரம்பித்தாள். தினமும் இருபது செடி, புது இலை, புது கவர். காலையில் வயல், பகலெல்லாம் ஆய்வுக்கூடம், திரும்பி வந்ததும் நோட்டு. மழையிலும் போனாள். ஒரு நாள் காய்ச்சலோடும் போனாள். அம்மா கவர்களை வரிசைப்படி அடுக்கி நீட்டினாள். வரப்பில் யாராவது நின்று குச்சிகளைப் பார்த்துச் சிரித்தால், "அது அப்டித்தான் இருக்கணும். ஒனக்கு இன்னா தெரியும்?" என்று துரத்தினாள். நட்ட புதிதில், ஏன் இப்படி என்று அத்தையிடம் கேட்டவள் அவள்.

மார்கழிப் பனியில் குலைநோய் வந்தது. வந்தால் தலையில் கை வைத்து உட்காரும் ஊரில், அத்தை ஒருத்திதான் சந்தோஷப்பட்டாள். எந்த எண் கருகியது, எது பச்சையாக நிற்கிறது என்று செடி செடியாக எழுதினாள். அம்மாவுக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. வெளியே சொல்லாதே, மாடு செத்ததற்குச் சிரிக்கிற வீடு என்பார்கள் என்றாள்.

கணக்குப்படி எல்லாம் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது, இரண்டு எண்களைத் தவிர. அத்தை சாப்பிடும்போது அதை அப்பாவிடம் சொன்னாள். நூற்று நாற்பத்து மூன்றும் நூற்று நாற்பத்து நான்கும் எல்லா மார்க்கரிலும் ஒரே மாதிரி வருகின்றன. இரண்டு ஸ்டேஷன் ஒத்துப்போகலாம், பத்துகூட ஒத்துப்போகலாம், ஆனால் அத்தனையும் ஒத்துப்போக முடியாது. வெளி ஆள் நெல் என்றும் சொல்ல முடியாது, தாய் தகப்பன் கோடுகள்தான் விழுந்திருக்கின்றன. ஒரே இலையை நீ இரண்டு குழாயில் போட்டிருக்கிறாய் என்றார் பேராசிரியர். மறுபடி செய்தாள். அதேதான் வந்தது.

"கைத் தப்புன்றாரு. அந்தக் கை செஞ்சதுதான மிச்சமும், அத எப்டி நம்பறதுன்றாரு," என்றாள். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலை, அந்த இரண்டு செடிகளுக்காக மட்டும் அப்பா ஐஸ் வாங்கி வந்தார். அத்தை மூன்றாம் தடவையாகச் சேற்றில் இறங்கினாள். நான் பள்ளிச் சீருடையில் பின்னால் போனேன். நூற்று நாற்பத்து மூன்றில் ஓர் இலையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கவரில் போட்டு, எண்ணை வாய்விட்டுப் படித்தாள். கத்தரிக்கோலைக் கழுவினாள், கையைக் கழுவினாள், அடுத்ததிலும் அப்படியே ஓர் இலை எடுத்துவிட்டு மறுபடி கழுவினாள். தன் கையையே நம்பாமல் அவள் அப்படிக் கழுவிக்கொண்டிருந்ததை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அத்தே, அது ரெண்டும் ஒரே செடி."

நிமிர்ந்தாள். மறுபடி சொல் என்றாள். சொன்னேன்.

"எது செத்துச்சு? எதுலேர்ந்து பிச்ச?"

"நாப்பத்து நாலு செத்துச்சு. நாப்பத்து மூணுலேர்ந்து பிச்சி வெச்சேன். அம்மாக்குத் தெரியாது."

அத்தை நோட்டைத் திறந்து சேற்றில் நின்றபடியே எழுதினாள். என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். நூற்று நாற்பத்து நான்கில் இருப்பது நூற்று நாற்பத்து மூன்றின் தூர், வைத்தவரே சொன்னது என்று இருந்தது. கீழே என் முழுப்பெயரையும் தேதியையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். நோட்டை மூடிக்கொண்டு வரப்பேறி, சேற்றுக் காலோடு ரோட்டை நோக்கி ஓடினாள். திரும்பியே பார்க்கவில்லை. ஐஸ் பெட்டி வரப்பிலேயே கிடந்தது.

என் மேல் புகார் எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு அத்தை போகிறாள் என்றே நினைத்தேன். உண்மையில், யாருமே சொல்லாத ஒன்றை அந்த வெள்ளைக் கோடுகள் தாமாகச் சொல்லியிருந்தன. அதற்கு வயலிலிருந்து கிடைத்த ஒரே சாட்சி என் கையெழுத்துதான். தப்பு அத்தையின் கையில் இல்லை என்று அதைப் பார்த்து உறுதியான பிறகுதான் பேராசிரியர் மிச்சமிருந்த நூற்று எண்பத்தெட்டு செடிகளையும் ஏற்றுக்கொண்டார். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு.

அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. பெட்டியை வீட்டுக்கு இழுத்து வந்து, நிழலில் வைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடினேன். ஐஸ் கரையக் கரைய நீரை வடித்து, பெட்டிக் கடையில் கெஞ்சி ஐஸ் கட்டி வாங்கி வந்து போட்டேன். கவர் இரண்டையும் மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன். இது மட்டுமாவது கெடாமல் இருந்தால் தண்டனை குறையும் என்று கணக்குப் போட்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, அத்தையின் இலைகளை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். இனி அந்த இலைகளால் யாருக்கும் எந்த உபயோகமும் இல்லை என்பது எனக்குத் தெரியாது.