மலை உச்சியில் ஓர் ஆடிச்சுற்று

போன ஆடியில் ஒரு பிற்பகல், ஸ்காட்லாந்தில் ஒரு மலை உச்சியில், நான் செத்துப்போகப் போகிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் நர்ஸ். குளிரில் உடம்பு எப்படி அடங்கும் என்று படித்தவள். முதலில் நடுக்கம். பிறகு தூக்கம். பிறகு வெக்கையாக இருப்பதுபோல ஒரு மயக்கம். நடுக்கம் வந்துவிட்டது. தூக்கம் வந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர்த் தெய்வம் கோமதியம்மாள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்றுதான் அப்போது நினைத்தேன். இதைப் படிக்கும் உங்களில் யாராவது இன்றைக்கு அப்படி நினைத்துக்கொண்டிருக்கலாம். அதனால்தான் மறைக்காமல் முதலிலேயே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். ஸ்காட்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று அம்மா போன் செய்தாள். கொடியேறிவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். இத்தனை சுற்று என்று நேர்ந்துகொண்டு சுற்றுவார்கள். அதுதான் ஆடிச்சுற்று. “அம்மாள் ஒத்தக்கால்ல தவசு நிக்கா. நாம சுத்தச் சுத்த அவ கால்வலி நமக்கு வந்துரும், அவளுக்குக் கொறையும்” என்பாள் அம்மா. மஞ்சப்பையில் புளியங்கொட்டை கொண்டுபோய், சுற்றுக்கு ஒன்றாக எடுத்து மடியில் போட்டுக் கணக்கு வைப்பாள். ஒன்று தப்பினாலும் அவளுக்கு ஆகாது.

“முட்டு ரெண்டும் போச்சுட்டி. இந்த வருசம் எனக்குப் பதிலா நீ வந்து சுத்து” என்றாள்.

“லீவு தரமாட்டாங்கம்மா. அம்மாள்ட்ட சொல்லி அடுத்த வருசத்துக்குத் தள்ளி வச்சுக்கோ.”

“அவட்ட வெளையாடாதட்டி” என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை. மனசு சரியில்லை. கூட வருவதாக இருந்த தோழிக்கு டூட்டி போட்டுவிட்டார்கள். நீ வராவிட்டால் என்ன என்று தனியாகவே மலைக்குக் கிளம்பினேன். வெயில் பளீரென்று அடித்தது. வெயில் அடித்தால் குளிராது என்பது எங்கள் ஊர்ப் புத்தி. ஜீன்ஸ், துணி ஷூ, ஒரு மெல்லிய மழைக்கோட்டு, டப்பாவில் புளியோதரை. பஸ் டிரைவர் ஒரு வயதானவர். இறங்கும்போது, “தனியாகவா போகிறாய்? சாயங்காலம் கடைசி பஸ்ஸும் நான்தான் ஓட்டி வருவேன், விட்டுவிடாதே” என்றார். வந்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. உச்சி மைதானம் மாதிரி பரந்து கிடந்தது. நடுவில், இதுதான் உச்சி என்று காட்ட, ஆள் உயரத்துக்குக் கல்லைக் குவித்து வைத்திருந்தார்கள். அதில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். டப்பாவை மூடி நிமிர்ந்தால் எதிரே ஒன்றுமில்லை. மலை இல்லை, வானம் இல்லை, வந்த பாதை இல்லை. எல்லாம் மூடுபனி. பின்னாலேயே மழை, ஆளைத் தள்ளும் காற்று. போனில் டவர் இல்லை. கொஞ்ச நேரத்தில் அது நனைந்து செத்தே போனது.

பாதை இந்தப் பக்கம்தான் என்று குத்துமதிப்பாக நடந்தேன். காலில் ஒரு கல் தட்டி உருண்டது. உருண்ட சத்தம் நின்றுபோனது. வெகுநேரம் கழித்து, எங்கோ பாதாளத்தில், அது விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த அடியில் நான் போயிருப்பேன். அப்படியே மண்டியிட்டேன். கையை ஊன்றித் தவழ்ந்து தவழ்ந்து, கை அந்தக் கற்குவியலில் இடிக்கும்வரை வந்தேன்.

கல்லுக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்தேன். உள்ளாடை வரை ஈரம். பல் கிட்டியது. வாய்விட்டுக் கத்தினேன். “உன் பேரைத்தானே எனக்கு வைத்தார்கள்? நீ நினைத்ததைப் பார்க்க ஒற்றைக்காலில் நின்றாய், சாமி உனக்குக் காட்சி கொடுத்தார். நான் ரெண்டு காலையும் மடக்கிக் கிடந்து கூப்பிடுகிறேன், உனக்குக் காது கேட்கவில்லையா?” 

ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை, குரல் கேட்கவில்லை. மழைதான் கூடியது. என்னை அழவைத்தது அதுதான். பிறகு அழவும் முடியவில்லை. கண் சொக்கியது. தூங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்று படித்த புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை.

சாய்ந்திருந்த கல்லை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். மங்கலில் அது எங்கள் கோயில் புற்று மாதிரி இருந்தது. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்குப் பதிலா நீ வந்து சுத்து.

எழுந்தேன். வலது கையைக் கல்லில் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன்.

பக்தியில் சுற்றினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பயத்தில் சுற்றினேன். காற்றுப் பக்கம் போனால் முகத்தில் அறையும். மறைவுப் பக்கம் வந்தால், உட்கார் உட்கார் என்று கால் கெஞ்சும். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போனேன். எண்ணிக்கை சீக்கிரமே விட்டுப்போனது. ஒரு கட்டத்தில் உடம்பு திகுதிகுவென்று எரிந்தது. கோட்டைக் கழற்றி எறிய ஜிப்பில் கை போய்விட்டது. இதுதான் கடைசிக் கட்டம் என்று எனக்குத் தெரியும். அம்மாளே, இந்தக் கையைப் பிடித்துக்கொள் என்றேன். கை திரும்பக் கல்லுக்கு வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. முட்டி ரெண்டும் கழன்றுவிடும்போல வலித்தது. அம்மா இதோடுதான் வருஷா வருஷம் சுற்றினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விசில் சத்தம் கேட்டபோது காற்று என்றுதான் நினைத்தேன். சிவப்புக் கோட்டுப் போட்ட மூன்று பேர் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். கடைசி பஸ்ஸில் என்னைக் காணாமல் அந்த டிரைவர் நிறுத்தத்திலேயே காத்திருந்து, மீட்புக்காரர்களுக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் போர்வையைச் சுற்றிய பிறகும் நான் நடக்கப் பார்த்தேனாம். பிடித்து நிறுத்தினார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் டார்ச்சைத் தரையில் அடித்துப் பார்த்தார். கல்லைச் சுற்றிப் பாசியெல்லாம் மிதிபட்டு வட்டமாக ஒரு தடம்.

“வழி தேடி நடந்திருந்தால் பள்ளத்தில் போயிருப்பாய். உட்கார்ந்திருந்தால் விறைத்திருப்பாய். இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டார்.

“எங்கள் ஊரில் எல்லோரும் செய்வார்கள்” என்றேன். குளிரில் உளறுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தட்டிக்கொடுத்தார்.

அம்மாவிடம் பத்து நாள் கழித்துத்தான் சொன்னேன். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “எத்தன சுத்து சுத்துன?” என்றாள்.

“எண்ணலம்மா.”

“எண்ணாம சுத்துனா கணக்குல சேராதுட்டி. அடுத்த வருசம் வந்து ஒழுங்காச் சுத்து.”

வலது கால் விரல் இரண்டில் இன்னும் உணர்ச்சி இல்லை. அம்மாளிடம் இப்போது நான் விளையாடுவதில்லை. கூப்பிட்டதும் பதில் வரவில்லையே என்று தவித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். எனக்கும் வரவில்லை. அவள் கொடுத்தது எழுந்திருக்க ஒரு நினைப்பு, பிடித்துக்கொள்ள ஒரு கல், கீழே காத்திருக்க ஒரு மனுஷர். விட்டுவிடாதீர்கள். இன்னும் ஒரு சுற்று நடங்கள்.

இந்த ஆடிக்கு லீவு கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். கோயிலில் அம்மாவைப் புளியங்கொட்டைப் பையோடு ஒரு தூணடியில் உட்காரவைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். அவள் எண்ண வேண்டும், நான் நடக்க வேண்டும். அதுதான் பேச்சு. நல்ல வெயில். கூட்டத்தில் வேர்த்து ஊற்றியது. ஒவ்வொரு முறை மூலை திரும்பும்போதும் அம்மா கழுத்தை நீட்டி என்னைத் தேடுவது தெரிந்தது. என்னைக் கண்டதும் முகம் தெளியும். கால் ஓய்ந்து அவள் பக்கத்தில் வந்து நின்றேன்.

“எம்மா, எத்தனை ஆச்சு?”

அம்மா பையைப் பார்த்தாள். கொட்டையெல்லாம் பையிலேயே இருந்தது. மடியில் ஒன்றுகூட இல்லை.

“எண்ணலட்டி” என்றாள். “நீ திரும்பத் திரும்ப வாரதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”