மைக்கில் சொன்ன முழங்கால்

கபடிப் பாட்டு ஒரே மூச்சில் ஓடி, எதிரணியின் கைகளுக்குள் சட்டென்று அறுபடும். மைக்கோடு மைதானத்தில் உட்கார்ந்த முதல் நாள் கேட்ட அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. அது அறுபடும் இடத்தில்தான் வர்ணனையாளரின் வேலை ஆரம்பம். முப்பத்தைந்து வருடம் வானொலிக்காக அந்த இடங்களை நிரப்பினேன். இதைப் படிக்கும் உங்களில் பேசிப் பிழைப்பவர்களுக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும்.

விட்டுப்போன புட்டா

ஆரணியில் எங்கள் தெருவில் தறிக்குப் பக்கத்திலேயே ரேடியோவும் இருக்கும். ஓர் இறுதியாட்டத்தில் கடைசிப் புள்ளிக்கு நான் குரலை உயர்த்த, எதிர்வீட்டு ஏழுமலை சேலை உடலில் வரவேண்டிய பூ உருவான ஒரு புட்டாவைப் போடாமலே நெய்துகொண்டு போய்விட்டார். ஒரு முழம் தாண்டித்தான் கவனித்தாராம். மறுநாள் தறியருகே கூப்பிட்டுக் காட்டினார். "நீங்க அங்க ஜெயிக்க வெச்சிட்டீங்கக்கா. நான் இங்க பிரிச்சிகினு உக்காந்துகீறேன்."

சும்மா இருக்கும் நேரம்

ஆட்டம் நிற்கும்போதுதான் எனக்கு நடுக்கம். ஒருமுறை பத்து நொடி வாயடைத்துப் போனேன். கூட வர்ணனை செய்த ராஜரத்தினம் முழங்கையால் இடித்தார். பிறகு டீ குடிக்கும்போது சொன்னார்: "சும்மா இருந்தா ரேடியோ ரிப்பேர்னு தட்டுவாங்க மேடம். கண்ல எது படுதோ சொல்லிடுங்க."

இடது கால்

ஆட்டத்துக்கு முன்பு வீராங்கனைகளிடம் போய்ப் பெயரையும் எண்ணையும் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். ஒருநாள் அப்படிப் போனபோது, களம்பூரிலிருந்து வந்து ஆடும் செல்வி முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். விளையாட்டு வீரர்களுக்கான அரசு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அன்று வந்திருந்தார்கள். பேண்டைக் கீழே இழுத்து மறைத்தாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம். இன்னிக்கு ஒரு நாள் தாங்கிடும்."

இடைவேளை இல்லாத இடைவேளை

அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் நடுவர்கள் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள். சொல்ல எதுவும் இல்லை. "இடது முழங்கால் வலியோடு ஆடுகிறாள் செல்வி" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். எதிரணிப் பயிற்சியாளர் காதில் ஒயர் மாட்டி என் வர்ணனையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை செல்வி பாடிப் போனபோது எதிரணியில் நான்கு பேர் சேர்ந்து அந்தக் காலையே பிடித்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "எங்கம்மா வீட்ல ரேடியோ கேட்டுகினு இருந்துச்சு. எனக்குக் கால் வலின்னு அதுக்கே நீங்க சொல்லித்தான் தெரியும் மேடம்."

அந்த வருடம் சிறந்த வர்ணனைக்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். செல்வி களம்பூர் ரைஸ் மில்லில் நெல் மூட்டைகளுக்கு எடை போடுகிறாள்.