அந்தத் தழும்பு போரில் வந்ததல்ல

தயாபரன் இறந்துவிட்டான் என்று அவனுடைய தங்கை கிளிநொச்சியிலிருந்து செய்தி அனுப்பியபோது, நான் மயூர் விஹார் மெட்ரோ நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ரயில் வந்தது, போனது, அடுத்ததும் போனது. ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை.

மாலைக்குள் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழு நிரம்பிவிட்டது. டெல்லியில் அவனோடு தொல்லியல் படித்த நீங்கள் எல்லோரும் மனதாரத்தான் எழுதியிருந்தீர்கள். ஒருவர் அவன் படத்தைப் போட்டு, 'நெற்றியில் போரின் தழும்பைச் சுமந்தவன்' என்று எழுதியிருந்தார். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள்மேல் கோபமில்லை. அது எப்படி வந்த தழும்பு என்று நம்மில் எனக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருடமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

டெல்லியில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கல்லறையில்தான் விழ வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அவையெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கு அடையாளம், அவ்வளவுதான். இலங்கையிலிருந்து படிக்க வந்த தயாவுக்கு அப்படி இல்லை. கூரை போன பாழறைக்குள் நுழைவதென்றாலும் செருப்பை வெளியே கழற்றி வைப்பான். நாம் கேலி செய்திருக்கிறோம், நினைவிருக்கும். "இடிஞ்சாலும் ஆற்றையோ வீடுதானே" என்பான். யாருடையதோ வீடாம்! முள் குத்தி நொண்டிக்கொண்டே வருவான்.

அந்தத் தழும்பு விழுந்த அன்று காலை நாங்கள் இருவரும் துக்ளகாபாத் கோட்டைக்குப் போனோம். மதிலின் ஒரு பகுதியை அளந்து, கற்களுக்குச் சாக்பீஸால் எண் போட்டு, படம் எடுத்து வர வேண்டும். அளவு நாடாவைப் பிடித்தபடி நான் போய்க்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் கோட்டைச் சுவரையே பின்சுவராக வைத்து வீடுகள் கட்டியிருந்தார்கள்.

"சுதா, உந்தச் சுவர் வேண்டாம். அங்கால சனம் இருக்கு" என்றான்.

"எழுநூறு வருஷச் சுவர்ப்பா. வீடு நேத்து வந்தது. அஞ்சு நிமிஷம், ஜல்தி முடிச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு கல்லில் பெரிதாகப் பதினேழு என்று எழுதினேன்.

முந்தைய வாரம் சில ஆட்கள் இதேபோல நாடா பிடித்து, பக்கத்து வரிசை வீடுகளில் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்காம் நாள் புல்டோசர் வந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வரிசையின் செங்கல் குவியல் என் கண்ணெதிரேதான் கிடந்தது. அதையும் கோட்டையின் இடிபாடு என்றே நினைத்துத் தாண்டி வந்திருந்தேன்.

"நாப்னே ஆ கயே!" என்று ஒரு பெண் அலறினாள். அளக்க வந்துவிட்டார்கள் என்கிறாள். வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முதல் கல் என் தோளில் பட்டது. "பையா, ஹம் ஸ்டூடண்ட்ஸ் ஹைங்" என்று கத்தினேன். நாங்கள் மாணவர்கள் என்றது யார் காதிலும் ஏறவில்லை. தயாவின் கேமராவைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார்கள். அவனைத் தள்ளி வயிற்றில் உதைத்தார்கள். அலறிய பெண் என் முடியைப் பிடித்து இழுத்து, என் கையிலிருந்த நாடாவையே என் கழுத்தில் சுற்றி இறுக்கினாள். கண் இருட்டியது. முழங்கையால் அவள் விலாவில் ஓங்கி இடித்தேன். அவள் விழுந்தாள், நாடா தளர்ந்தது.

நான் ஓடியிருக்கலாம். வழி இருந்தது. படத்தில் உயரம் தெரிவதற்காக நட்டு வைத்திருந்த இரும்புக் கம்பைப் பிடுங்கி, கீழே கிடந்தவளின் தலையைப் பார்த்து வீசினேன். கொல்லத்தான் வீசினேன். வேறு மாதிரி எழுதினால் பொய். கம்பு இறங்கிய இடத்தில் தயாவின் நெற்றி இருந்தது. உதை வாங்கிக்கொண்டே தவழ்ந்து வந்து அவளுக்கு மேலே விழுந்திருக்கிறான்.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ரத்தம் அவன் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியது. முதலில் அசைந்தது அந்தப் பெண்தான். துப்பட்டாவை உருவி அவன் தலையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

போலீஸ் வந்தபோது ரத்தம் அவள் கையில் இருந்தது, கம்பு தரையில் கிடந்தது. பெயர் கேட்டார்கள். சுனிதா என்றாள். நீதானே அடித்தாய் என்று அதிகாரி கேட்க, அவள் என்னைக் காட்டி, "இவள்தான் அடித்தாள்" என்றாள். படித்த பெண்மேல் பழி போடுகிறாயா என்று அவர் அவள் கன்னத்தில் அறைந்தார். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அறைந்தார். உதட்டில் ரத்தம் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள் மேடம்" என்றார். கொலை முயற்சி என்று வழக்குப் போடுவார்கள், அவள் வருடக்கணக்கில் உள்ளே கிடப்பாள். எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மை கிர் கயா" என்றான் தயா, தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில். விழுந்துவிட்டேன். மதில்மேல் ஏறினேன், விழுந்துவிட்டேன், யாரும் அடிக்கவில்லை. அதிகாரி அதட்டிப் பார்த்தார். அவன் அதையே சொன்னான். கடைசியில் சுனிதாவை விட்டுவிட்டார்கள்.

தையல் போட்டு முடிந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உண்மையைச் சொன்னா நீர் உள்ளுக்கை. சொல்லாட்டி அவ உள்ளுக்கை. விழுந்தனான் எண்டா ஒருத்தரும் இல்லை" என்றான். பிறகு, "நீர் அடிச்சது எனக்கு விளங்குது, சுதா. அவவுக்கு அடி விழேக்க பேசாம நிண்டீர் பாரும், அதுதான் விளங்கேல்லை" என்றான். அதன்பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. தழும்பைப் பற்றிக் கேட்டவர்களிடம் "விழுந்தனான்" என்று சிரித்தான். கிளிநொச்சிக்காரன் என்பதால் நீங்களாகப் போரை ஊகித்துக்கொண்டீர்கள்.

அவனிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு சத்தம், இரும்பு எலும்பில் இறங்கும் சத்தம். என் கோபம் எங்கும் போய்விடவில்லை. போன மாதம்கூட வண்டியை இடித்துவிட்டு என்னையே திட்டிய ஒருவனை அறையக் கை ஓங்கினேன். பாதியில் அந்தச் சத்தம் கேட்டது, கை இறங்கிவிட்டது. கையை அவன் அன்றே நிறுத்திவிட்டான். வாயைத் திறக்கத்தான் எனக்கு அவன் சாகும்வரை ஆகியிருக்கிறது. தயாவை அடித்தது நான். சுனிதா அன்று இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னாள்.