அர்த்தம் சொல்லாத வாக்கியம்

சௌடையாவுக்கு எந்த அருவருப்பும் முதலில் அடிநாக்கில்தான் வந்து நிற்கும். அருப்புக்கோட்டையின் நெசவுத் தெருவில் பிறந்தவர் அவர். மூன்று நிறமாய் ஓடும் சாயச் சாக்கடையும், வெயிலில் புளித்த பாவுக் கஞ்சியும் அவருக்குப் புதியன அல்ல. ஆயினும் வடக்கே ஓர் உருக்காலையில் ஜெர்மானியப் பொறியாளர்களின் கீழ் ஒன்பது ஆண்டுகள் பிட்டராக உழைத்து, அதில் இரண்டாண்டு அவர்கள் நாட்டிலேயே பயிற்சியும் பெற்று, தந்தை காலமானபின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் ஊர் திரும்பிய நாள் முதலாக அந்த நாற்றங்கள் அவர் வாயில் கசக்கத் தொடங்கின.

அந்தக் கசப்புக்கு அவர் கண்ட மருந்து வாரக் கடைசி வகுப்பு. சனி மாலையும் ஞாயிறு காலையும் நெசவாளர் சங்கத்தின் தகரக் கொட்டகையில் பதினான்கு பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுத்தார். பஞ்சாலையில் ஆறு நாள் இயந்திரங்களோடு மாரடித்த கையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, திருநீறு அணிந்து, பதிகம் பாட எழுபவரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு பலகைமுன் நிற்பார். வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னுமொரு மொழி பாரமாகத் தோன்றவில்லை. பெற்றோர்களோ, பையன் விமானம் ஏறிவிடுவான் என்னும் கனவில் அனுப்பினார்கள்.

வகுப்புக்கு ஒரே ஒரு விதி இருந்தது. எந்த வாக்கியமாயினும், அதன் பொருளை முதலில் வீட்டு மொழியிலும் அடுத்துத் தமிழிலும் சொன்ன பிறகே ஜெர்மனில் சொல்ல வேண்டும். பொருள் தெரியாமல் வாயில் ஏறும் சொல் எச்சிலுக்குச் சமம் என்பது அவர் துணிபு. இவ்விதியை அவரைவிடக் கண்டிப்பாகக் காத்தவள் லிங்கம்மாள். சாயக்காரர் சென்னய்யாவின் மகள், பதினொரு வயது. ஒரு சொல்லுக்கு அவர் பொருள் சொல்ல மறந்தால், கையை உயர்த்தி, இறக்காமலே வைத்திருப்பாள்.

மொழியோடு அந்நாட்டு வழக்கங்களையும் அவர் கற்பித்தார். வணக்கத்துக்கு அவர்கள் கை குலுக்குவார்கள்; நேராக நின்று, கண்ணைப் பார்த்து, அழுத்திப் பிடித்து, ஒருமுறை அசைத்து விட வேண்டும். கண்டதைத் தின்ற கையைப் பெண் பிள்ளைகள் தொடுவதா என்று தாய்மார் நாலைந்து பேர் சண்டைக்கு வந்தார்கள். கைகொடுக்கும்போது மனத்தில் கள்ளம் இருந்தால் உள்ளங்கை காட்டிக் கொடுத்துவிடும், ஆகையால் அது நல்ல வழக்கம் என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார். அந்தச் சொல்லைப் பின்னாளில் நினைத்தபோது அவருக்கே வாய் கசந்தது.

எழுபத்தொன்றாம் ஆண்டுச் சித்திரையில் அது நடந்தது. ஜெர்மானியத் துணி வணிகர் ஒருவர் சென்னை வழியாக அருப்புக்கோட்டைக்கு வருவதாகத் தகவல் வந்தது. சங்கத் தலைவர் ஜோதிலிங்கம் சிவப்புத் துண்டுகள் எண்ணாயிரம் நெய்து அடுக்கி வைத்திருந்தார். அவற்றுக்கு, அலசினாலும் போகாத கெட்டிச் சாயம் போடவில்லை. விலை ஏறிவிட்டது என்று மட்டச் சாயத்தில் முக்கி எடுக்கச் சொன்னவர் ஜோதிலிங்கம். முக்கி எடுத்தவர் சென்னய்யா. தெருவில் எல்லோரும் அறிந்த செய்திதான் அது.

ஒரு சனிக்கிழமை மாலை ஜோதிலிங்கம் வகுப்புக்கே வந்து அமர்ந்தார். வாய் நிறைய வெற்றிலை. துப்புவதற்கு எழ மனமின்றி, பிள்ளைகள் எழுதும் பலகையின் அடியிலேயே துப்பினார். பிறகு தாம் வந்த காரியத்தைச் சொன்னார். சாயம் போகாது என்பதை ஜெர்மனில் ஒரு வாக்கியமாக்கிப் பிள்ளைகள் வாயில் ஏற்றிவிட வேண்டும்.

"பெரியவுக சொன்னா யாவாரம்னு நெனைப்பான், தம்பி. புள்ளைக சொன்னா நம்புவான்."

"அண்ணாச்சி, மூணாவது அலசுல வெளுத்துரும்."

"வெளுக்கயில அது ஜெர்மனில கெடக்கும். நமக்கென்ன?" ஜோதிலிங்கம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "இந்தக் கொட்டாய்ச் சாவி சங்கத்துச் சாவி. அதையும் யோசிச்சுக்க."

சௌடையா அன்றிரவு யோசித்தது உண்மை. தாம் மறுத்தால் கொட்டகை பூட்டப்படும். நான்கு ஆண்டு உழைப்பு தெருவுக்கு வரும். ஒரே ஒரு வாக்கியம்தானே என்று மனம் வாதாடிற்று. ஒருவன் தன்னை விற்கும்போது உள்ளிருந்து எழும் குரல் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்பதை அவர் அதுவரை அறியார்.

மறுநாள் அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதினார். "டீ ஃபார்பன் ஸிண்ட் வாஷ்எக்ட்." பதினான்கு வாய்களும் முழங்கின. லிங்கம்மாளின் கை உயர்ந்தது.

"சார், இதுக்கு அர்த்தம் சொல்லலையே."

"அப்புறம் சொல்றேன். இப்பப் பாடம் பண்ணு."

கை சிறிது நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கிற்று.

வணிகர் வரும் நாள் வந்தது. விருந்தாளி பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. வந்தபோது ஒன்றரை. தகரத்தின்கீழ்ப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். கையில் ஆளுக்கொரு சிவப்புத் துண்டு மடித்துப் பிடித்திருக்க வேண்டும் என்பது ஜோதிலிங்கத்தின் அலங்காரம். மூன்றரை மணி நேரம் வியர்த்த கைகளில் அந்தத் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. வந்தவர் நல்ல மனிதர். வெயிலில் முகம் வெந்து போயிருந்தது. ஜெர்மனில் வணக்கம் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையாகக் கை குலுக்கி வந்தார். சௌடையா கற்பித்தபடியே அவர்கள் நேராக நின்று, கண்ணைப் பார்த்து, அழுத்திப் பிடித்து, ஒருமுறை அசைத்து, அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள்.

பதினான்காவதாக நின்றவள் லிங்கம்மாள். அவளுக்குக் கைகொடுத்துவிட்டு விருந்தாளி தம் உள்ளங்கையைப் பார்த்தார். ஆட்டுத் தலையை அறுத்தவன் கையைப் போலச் சிவந்து பிசுபிசுத்தது. சௌடையாவின் அடிநாக்கில் கசப்பு ஏறிற்று. விருந்தாளி கைக்குட்டையை எடுக்கவில்லை. குனிந்து, அவளிடம் நிதானமான ஜெர்மனில், இப்போது என்னிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார்.

லிங்கம்மாளுக்குக் கேள்வி விளங்கிற்று. விடையைப் பிழையின்றிக் கோத்து, ஜெர்மனிலேயே சொன்னாள்: "எனக்குத் தெரியாது. ஆசிரியர் அர்த்தம் சொல்லவில்லை."

நான்கு ஆண்டில் ஒரு பிள்ளை தானாகக் கட்டிப் பேசிய முதல் ஜெர்மன் அதுதான். அந்த மொழிக்காக எந்த நாளில் மகிழ வேண்டுமென்று அவர் காத்திருந்தாரோ, அந்த நாள் அவர் முகத்தில் வந்து அறைந்தது.

விருந்தாளி சிவந்த கையை நீட்டியபடி அவர் பக்கம் திரும்பினார். சௌடையா மறைக்கவில்லை. சாயம் போகாது என்பதே அதன் பொருள், ஆனால் சாயம் போகும் என்று அவர் மொழியில் சொல்லிவிட்டார். ஜோதிலிங்கத்துக்கு மொழி தெரியாவிட்டாலும், நீட்டிய சிவப்புக் கையும் இருவர் முகமும் போதுமானவையாக இருந்தன. அவர் பதறவில்லை. வாசலில் நின்ற சென்னய்யாவைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, கெட்டிச் சாயத்துல போடச் சொன்னா என்ன பண்ணி வச்சிருக்க?"

சென்னய்யா தலைவரைப் பார்த்தார், மகளைப் பார்க்கவில்லை. கை கூப்பி, "ஏந் தப்புதேன்" என்றார்.

"கேட்டியா தம்பி. சாயக்காரன் பண்ண தப்புன்னு அவர்ட்டச் சொல்லு."

சௌடையா சென்னய்யாவின் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்று அந்தக் கண்கள் இரந்தன. சங்கத்து வேலை ஒன்றுதான் அவருக்கிருந்த வேலை. சௌடையா சொன்னார், சாயக்காரர் தவறு செய்துவிட்டார் என்று, இலக்கணம் வழுவாத ஜெர்மனில் சொன்னார். இரண்டடி தள்ளி நின்ற லிங்கம்மாளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும் என்பது சொல்லி முடித்த பிறகே அவர் நெஞ்சில் உறைத்தது. அவள் அவரைக் கண்ணோடு கண் பார்த்தாள், அவர் கற்பித்தபடியே.

அதன்பின் நடந்தவை இன்னும் அருவருப்பானவை. விருந்தாளி கையைக் கழுவிக்கொண்டு வந்து, விலையை அடித்துப் பேசி, தரை துடைக்க ஆகும் என்று எண்ணாயிரத்தையும் வாங்கிக்கொண்டார். ஜோதிலிங்கம் லோடு ஏற்றினார். சென்னய்யா மறுநாள் அதே தொட்டியில் அதே சாயத்தைக் கலக்கினார். ஊரில் எவருக்கும் ஒரு நகக்கண்ணும் வலிக்கவில்லை. அடுத்த வாரம் ஜோதிலிங்கம் புதிதாக நாலு வாக்கியங்களைத் தமிழில் எழுதி அனுப்பி, சாவி தம்பியிடமே இருக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

சௌடையா சாவியையும் தாளையும் ஒன்றாகத் திருப்பி அனுப்பினார். வகுப்பு அவர் வீட்டுக் கொல்லைக்கு மாறிற்று; ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அதன்பின் எவர் சேர்ந்தாலும் முதல் பாடம் ஒன்றே: "எனக்குத் தெரியாது. அர்த்தம் சொல்லுங்கள்." ஒரு மாதம் கழித்து ஒரு தகப்பனார் வந்து, "மாசம் ஒண்ணாச்சு. எம் மயன் தெரியாதுங்கிறதைத்தேன் தெரிஞ்சுட்டு வந்திருக்கான். அதை இங்க நான் சும்மாவே கத்துக் குடுப்பேனே" என்று நக்கலடித்துவிட்டுப் போனார்.

ஆனி மாதத்தில் லிங்கம்மாளும் வந்தாள். சென்னய்யாவே கொண்டுவந்து விட்டுவிட்டு, நீர் சொன்னதால்தான் என் வேலை நிலைத்தது என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு சௌடையாவின் மேல் எச்சில்போல் விழுந்தது.

அவள் நன்றாகவே படித்தாள். உச்சரிப்பில் அவளை மிஞ்ச எவருமில்லை. ஒரு ஞாயிறன்று அவர் வேண்டுமென்றே, பொருள் சொல்லாமல், ஒரு புது வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி நின்றார். மற்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லிங்கம்மாள் எழுந்து அதைத் தெளிவாக, பிசிறில்லாமல், இருமுறை ஒப்பித்தாள். அவர் காத்திருந்தார். கை உயரவில்லை. இன்னொரு முறை சொல்லட்டுமா சார் என்று மட்டும் கேட்டாள்.